ஒற்றை இறகு

சாத்தன்குறிச்சியில் சுந்தரவடிவு ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குச் செத்துப்போனாள். அதே நாள் சாயங்காலம் நாலு மணிக்கு ஐஸ் பெட்டிக்குள் எழுந்து உட்கார்ந்து, கண்ணாடி மூடியை உள்ளேயிருந்து தட்டி, "ஏங்க, இதை அமத்துங்க, காலெல்லாம் மரத்துப்போச்சு" என்று புருஷனைக் கூப்பிட்டாள். கூடியிருந்த ஜனம் பதறவில்லை. மேளக்காரர்கள் மட்டும் அடியை நிறுத்தலாமா கூடாதா என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். புருஷன் கோமதிநாயகம் ஓடிப்போய் சுவிட்சை அமத்திவிட்டு, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"அதானே பார்த்தேன். உன் தம்பி பூவலிங்கத்துக்கு இன்னும் ஒத்த இறகுலயே நிக்குது வடிவு. சேதி போய்ச் சேரல."

"சேராம எப்படி எடுப்பீங்க?" என்றாள் வடிவு.

"அதானே, எப்படி எடுக்க?" என்று ஊரும் சொன்னது. மேளக்காரர்கள் பீடி பற்றவைத்தார்கள்.

ஒத்த இறகு என்றால் என்ன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். மணிப்புறா என்று ஓர் ஆப் அந்த வட்டாரத்தில் எல்லார் போனிலும் இருந்தது. சேதி அனுப்பினால் அதன் ஓரத்தில் ஒரு சாம்பல் இறகு விழும், போய்ச் சேர்ந்தால் இரண்டாவது இறகு விழும், எதிராளி படித்தால் இரண்டும் சிவக்கும். ஆரம்பத்தில் அது நல்ல புறாவாகத்தான் இருந்தது. பிறகு, கூட்டம் சேர்ந்ததும் அதற்குத்தான் தலைக்கனம் ஏறியதோ, வளர்த்தவர்களுக்குத்தான் பேராசை பிடித்ததோ, மாதத்துக்கொரு அப்டேட் வந்தது, ஒவ்வொரு அப்டேட்டிலும் ஒரு புது அலங்காரம் ஏறி ஒரு பழைய வசதி கழன்றது, கல்யாணப் பத்திரிகை பிள்ளை பிறந்த பிறகு போய்ச் சேர்ந்தது, ஆவணியில் ஒருத்தி 'பால் வாங்கிட்டு வாங்க' என்று அனுப்பியது கார்த்திகையில் சேர்ந்து அந்த மனுஷன் பாலோடு வந்து நின்றான், இரண்டு சேதிக்கு நடுவில் ஒரு விளம்பரம் என்பது போய் இரண்டு விளம்பரத்துக்கு நடுவில் ஒரு சேதி என்றாயிற்று, யாராவது 'அப்பா தவறிட்டார்' என்று போட்டால் பதில் சொல்லச் சௌகரியமாக 'சூப்பர்!', 'கலக்குங்க!', 'நானும் வர்றேன்' என்று மூன்று பொத்தான்களை அதுவே நீட்டியது. ஊர் திட்டியது. அதையும் மணிப்புறாவிலேயே திட்டியது. அந்தத் திட்டும் போய்ச் சேரவில்லை.

இப்படியே இரண்டு வருஷம் போனதில், சேராத சேதி நடக்காத சேதி என்ற வழக்கம் ஊருக்குள் தானாக ஊறிவிட்டது. நிச்சயதார்த்தம் முறிந்த தகவல் மாப்பிள்ளை வீட்டுக்குச் சேராததால் அந்தக் கல்யாணம் நடந்தது, அவர்கள் சந்தோஷமாகவும் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பரீட்சை தள்ளிவைத்த சேதி பாதிப் பேருக்குச் சேராமல் அவர்கள் மட்டும் பரீட்சை எழுதி மார்க் வாங்கினார்கள். அப்படி இருக்கும்போது சாவு மட்டும் என்ன, மேலேயிருந்தா குதித்தது?

சாவிலும் ஒரு முறை உண்டு. சுமங்கலியாகச் செத்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும், கூடப்பிறந்தவன் அதைத் தன் கையால் போட வேண்டும், அதற்கப்புறம்தான் பாடையில் தூக்கி வைக்கலாம். சுந்தரவடிவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது பூவலிங்கம் ஒருத்தன்தான். 'சொந்தபந்தம்' குரூப்பில் இருந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் சாவுச் சேதி மத்தியானத்துக்குள் சேர்ந்துவிட்டது, அவர்களில் ஒன்பது பேர் 'சூப்பர்!' என்று அனுப்பிவிட்டு அழித்தும் விட்டார்கள். குரூப்பில் இல்லாத பூவலிங்கத்துக்குத் தனியாகப் போட்ட சேதிதான் ஒற்றை இறகோடு நின்றது.

பூவலிங்கம் குரூப்பைவிட்டுப் போய் ஏழு வருஷம். அதற்கும் மணிப்புறாதான் காரணம். அவன் மாமியார் செத்துப்போன அன்றைக்கு அவன் குரூப்பில் போட்டான். வடிவு அடுப்படியில் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, வழக்கமாகக் கும்பிடும் கைப் படம் இருக்கும் இடத்தைத் தொட்டாள். முதல் நாள் இரவு வந்த அப்டேட்டில் அந்த இடத்தில் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற மூஞ்சியைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். செத்துப்போன மாமியாரின் போட்டோவுக்குக் கீழே அந்த மூஞ்சி விழுந்து விழுந்து சிரித்தது. 'சிரிக்கிறியாக்கா?' என்று மட்டும் எழுதிவிட்டுத் தம்பி வெளியேறினான். அவள் விளக்கம் எழுதி அனுப்பினாள், அது சேர்ந்தது, இறகு சிவந்தது, பதில் வரவில்லை. நாற்பத்து மூணு வருஷமாக என்னைத் தெரியாதா அவனுக்கு, நான் போய் வாசலில் நின்று கெஞ்சணுமா என்று அவளும் விட்டுவிட்டாள். இரண்டு பேருக்கும் ஒரே வயிற்று ரோஷம்.

பூவலிங்கம் இருந்த மேலப்பாறைக்கு சாத்தன்குறிச்சியிலிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர். ஒரே பஸ். ஆள் போய் நேரில் கேதம், அதாவது சாவுச் சேதி, சொல்லிவிட்டு வந்தால் முடிந்த காரியம்தானே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்?

"நேர்ல போனா, மெசேஜ் பத்தாதுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்" என்றார் கோமதிநாயகம். "அப்புறம் குரூப்ல இருக்கிற இருநூத்திப் பன்னெண்டு பேரும் கேப்பாங்க. அவனுக்கு மட்டும் ஆள் விட்டுச் சொன்னீக, நாங்க என்ன இளப்பமா, எங்களுக்கு மெசேஜான்னு. ஒவ்வொரு வீட்டுக்கும் நான் போய் நிக்க முடியுமா?"

அது நியாயம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். தவிர, முதலில் மெசேஜ் போட்டுவிட்டுப் பின்னால் ஆள் விட்டால், 'மெசேஜ்ல சொன்ன சாவுக்கு நானும் மெசேஜ்லதான் வருவேன்' என்று பூவலிங்கமே திருப்பிச் சொன்னால் யார் பதில் சொல்வது? போன் பண்ணலாமே என்றால், சாத்தன்குறிச்சியில் போன் மணி அடித்தால் கடன் அட்டை விற்பவன் என்றுதான் அர்த்தம், யாரும் எடுப்பதில்லை, மேலப்பாறையிலும் அப்படித்தான்.

ஆகவே வடிவு காத்திருந்தாள். சும்மா இருக்கிற உடம்பு இல்லை அது; இருபது வருஷமாகத் தெருவுக்கே இட்லி மாவு அரைத்துக் கொடுத்தவள். மறுநாளே கிரைண்டரில் அரிசியைப் போட்டாள். மாவு வெண்ணெய் மாதிரி வந்தது, ஆனால் பொங்கவில்லை. கரைக்கிற கையில் சூடு இருந்தால்தானே மாவு புளிக்கும்? மூன்றாம் நாளும் பொங்காத மாவைப் பாத்திரத்தில் திருப்பிக் கொண்டுவந்த பக்கத்து வீட்டு மதினி, குறையாகச் சொல்லவில்லை, "நீ செத்துட்டல்ல வடிவு, அதான்" என்று ஆறுதலாகத்தான் சொன்னாள். வடிவு மாவை வாங்கிக் கொல்லையில் கொட்டினாள். செத்ததற்குக்கூட அவள் அன்றைக்கு அந்த அளவு வருத்தப்படவில்லை.

கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்து, இறப்புச் சான்றிதழை அவள் கையிலேயே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கிப் போனார். ரேஷன் கடையில் அவள் உயிரோடு இருந்த காலமெல்லாம் ரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பிய மெஷின், இப்போது முதல் தடவையிலேயே பச்சை விளக்கு காட்டியது. மணிப்புறா கம்பெனிக்குப் புகார் எழுதினார்கள். 'உங்கள் துயரம் எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்று பதில் வந்தது, கூடவே இரங்கலுக்கென்று பதினாலு புது ஸ்டிக்கர்கள் இலவசமாக வந்தன, ஒன்றில் ஒரு பூனைக்குட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டது.

ஊரோ இதற்குள் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது. வடிவுக்குக் கிடைத்தது நமக்கும் கிடைக்காதா என்று நெஞ்சுவலிக்காரர்களும் சர்க்கரைக்காரர்களும் யோசிக்கத் தொடங்கினார்கள். சாவுக்கு அவசியம் சொல்லியாக வேண்டிய ஒரு சொந்தக்காரன், அவனுக்கு டவரே கிடைக்காத ஒரு ஊர், இந்த இரண்டும் அமைந்தவன் பாக்கியசாலி என்று பேசிக்கொண்டார்கள். மலையடிவாரத்தில் சிக்னல் என்றால் என்னவென்றே அறியாத நாலு கிராமங்களுக்குத் திடீரென்று சம்பந்தம் பேச வண்டிகள் போயின. முப்பது வருஷமாக முகத்தில் விழிக்காத சித்தப்பன்மார்களுக்கு எல்லாம் தீபாவளிப் பலகாரம் போனது, போகும்போதே 'போனை அப்பப்போ அணைச்சு வைங்க சித்தப்பா, பேட்டரிக்கு நல்லது' என்ற யோசனையும் போனது. அப்டேட் எதுவும் செய்யாத பழைய போன் வைத்திருந்தவர்களைத் தெருவில் கண்டால் கும்பிட்டார்கள். வேலைக்குப் போகாதவன், மாமியார் வீட்டுக்குப் போகாமல் தவிர்த்தவன், வாக்குக் கொடுத்து மறந்தவன் எல்லாரும் 'மெசேஜ் வரலையே' என்ற ஒரே குடையின் கீழ் நின்றார்கள். புறா எவ்வளவு கெட்டதோ அவ்வளவு பேருக்கு நிழலாயிற்று என்பதுதான் உண்மை, அதை யாரும் புகாரில் எழுதவில்லை.

பதினாறாம் நாள் வந்தது. எடுக்காத பிணத்துக்கு விசேஷம் உண்டா என்று புரோகிதர் தயங்கினார். "தேதியைக் குரூப்ல போட்டாச்சு, அது எல்லாருக்கும் சேர்ந்திருச்சு, இனி நடத்தாம முடியாது" என்றான் குரூப்பை நடத்துகிற பலசரக்குக் கடைத் தங்கத்துரை. நடந்தது. கூடத்தில் மாலை போட்ட தன் படத்துக்குக் கீழே நின்றுகொண்டு வடிவு பந்தியில் பாயசம் ஊற்றினாள், ஏலக்காய் கொஞ்சம் தூக்கல் என்று சாப்பிட்டவர்கள் சொன்னார்கள். எல்லாரும் கை கழுவிப் போன பிறகு தங்கத்துரை அடுப்படிப் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, ஒண்ணு சொன்னா மனசுல வச்சுக்கக் கூடாது. சேதி சேராட்டியும் ஒத்த இறகுதான். அவன் நம்ம நம்பரை பிளாக் பண்ணித் தடுத்து வச்சிருந்தாலும் ஒத்த இறகுதான். ரெண்டும் பார்க்க ஒண்ணு போலதான் இருக்கும்."

"ஆப்தான் சரியில்லைன்னு ஊரே சொல்லுதே?"

"சரியில்லைதான்" என்று தங்கத்துரை தரையைப் பார்த்துச் சொன்னான்.

ஊருக்கே இது முன்னமே தெரியும், தன்னிடம் சொல்லத்தான் கூசியிருக்கிறார்கள் என்று வடிவுக்கு அப்போதுதான் உறைத்தது. செத்தவளுக்கு வலிக்காது என்பார்கள். வலித்தது. ஏழு வருஷம் பேசாதது ஒன்றுமில்லை, சாவுச் சேதியையும் வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டானா என்ற ஒரே கேள்வி அவளை அரித்தது.

அதோடு மகள் கவுசல்யா. தாய் செத்த அன்றைக்குக் காலையில் அழத் தொடங்கியவள் நாலு மணிக்குப் பாதி அழுகையில் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. அதிலிருந்து அவளுக்கு முழுசாக அழவும் வரவில்லை, சிரிக்கவும் வரவில்லை, தும்மல் வந்து நின்றுபோன முகத்தோடு பத்தொன்பது நாளாக வீட்டுக்குள் நடமாடினாள். பத்தொன்பதாம் நாள் காலை தாயின் தலையை வாரிவிடும்போது, "இப்படியே இருந்துரும்மா" என்றாள், உடனேயே, "எப்பம்மா போவ, என்னால முடியல" என்றாள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள். வடிவு எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"என் கேதத்தை நானே போய்ச் சொல்லிட்டு வாரேன். ஒரு பய குறை சொல்ல முடியாதுல்ல?"

கோமதிநாயகம் யோசித்தார். செத்தவளே நேரில் போய்ச் சொன்னால் அதை ஆள் விட்டதாகக் கணக்கில் எடுக்க முடியாது, குரூப்பில் யாரும் கேட்க வழியில்லை. "பார்த்துப் போ" என்றார். அவருக்குக் கண் கலங்கியது.

பஸ்ஸில் கண்டக்டர் அவளைப் பார்த்துவிட்டுத் தயங்கினான். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். செத்த பெண்களுக்கும் உண்டா என்று அவனுக்குத் தெரியவில்லை. டிரைவரிடம் கேட்டான்.

"செத்துட்டா பொம்பளை இல்லன்னு ஆயிருமா? கிழிச்சுக் குடுப்பா" என்றார் டிரைவர்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் எழுந்து, செத்தவங்க காற்றோட்டமா உட்காரட்டும் என்று இடம் கொடுத்தாள். பஸ்ஸில் பாதிப் பேர் மணிப்புறாவில் தலை குனிந்திருந்தார்கள், சுற்றிக்கொண்டே இருந்த ஒரு வட்டத்தை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பூவலிங்கம் மேலப்பாறைக் கடைத்தெருவில் மோட்டாருக்குக் கம்பிக் காயில் கட்டிக் கொடுக்கிறவன். கடைக்குப் பின்னாலேயே வீடு. செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான், பார்த்தபடியே கம்பியை இன்னும் நாலு சுற்று சுற்றினான். தலை முழுக்க நரைத்துவிட்டது. அவன் முன்னால் போன் கிடந்தது, அதில் டவர் நாலு கோடும் நிறைந்திருந்தது, அவள் பார்க்கப் பார்க்கவே யாருடைய சேதியோ டிங் என்று வந்து விழுந்தது.

"வாக்கா" என்றான்.

வடிவு படியேறாமல் வாசலிலேயே நின்றாள். "மெசேஜ் வரலையாடா உனக்கு?"

"ஆப் சரியில்லக்கா."

"ம்."

"எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கு."

"ம்" என்றாள் அவள் மறுபடியும். அவன் பார்வை கம்பியிலேயே இருந்தது. பிறகு அதைக் கீழே வைத்தான்.

"அன்னைக்கு ஏன்க்கா சிரிச்ச?"

"கை தவறிருச்சுடா. கும்பிடுற கையை எடுத்துட்டு அந்த இடத்துல சிரிப்பைக் கொண்டாந்து வச்சிருந்தான் பாவி. எழுதி அனுப்புனேனே?"

"தெரியும்."

"தெரியுமா? எப்பத் தெரியும்?"

"மறுநாளே தெரியும்" என்றான் பூவலிங்கம். "நானும் ஒரு சாவு வீட்டுக்கு அதே மாதிரி சிரிச்சு அனுப்பிட்டேன்."

வடிவுக்குச் செத்த உடம்பில் எங்கிருந்தோ கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. ஏழு வருஷம், ஏழு பொங்கலுக்குப் பிறந்த வீட்டுச் சீர் இல்லை, கவுசல்யா கல்யாணத்தில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் பக்கத்து வீட்டுக்காரன் நின்றான், இவனுக்கு மறுநாளே தெரியுமாம்! "அப்புறம் ஏண்டா வரல?" என்று கத்தினாள். எதிர்க்கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"மறுநாளே வந்திருந்தா வந்திருப்பேன். ஒரு வாரம் ஆச்சு, அப்புறம் எப்படி வர? ஒரு வருஷம் ஆச்சு, அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வர?" அவன் மூக்கைத் துடைத்தான். "போன மாசம் பஸ்ல வந்தவன் சொன்னான், நீ ஆஸ்பத்திரியில கிடக்கன்னு. பொழைக்காதுன்னும் சொன்னான். அன்னைக்குத்தான் உங்க வீட்டு நம்பர் எல்லாத்தையும் தடுத்து வச்சேன்."

"சாவுச் சேதி வரக்கூடாதுன்னா?"

"வந்தா நீ இல்லன்னு ஆயிரும்லக்கா. வராட்டி இருக்கன்னு நெனச்சுக்கலாம்ல. அப்புறம் ஊரே பேசிக்கிச்சு, சாத்தன்குறிச்சியில ஒருத்தி செத்தும் போகாம இருக்கா, தம்பிக்குச் சேதி சேரலையாம்னு. சரி, இது நம்மளால முடிஞ்ச காரியம்னு சும்மா இருந்துட்டேன்."

அவள் கேட்க வந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. தடுத்துத்தான் வைத்திருந்தான். பத்தொன்பது நாளாக அவள் பயந்தது அதுதான், பயந்தபடியேதான் நடந்திருந்தது, ஆனால் அது இப்படி இருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை. இந்த மடையனை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

பூவலிங்கம் சட்டென்று எழுந்து உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். "வெயில்ல வந்திருக்க, மொதல்ல குடி. உள்ள வா, உன் தம்பி பொண்டாட்டி மீன் கொழம்பு வச்சிருக்கா, சாப்பிட்டுப் பேசுவோம்."

கேதம் சொல்ல வந்தவர்கள் உள்ளே வருவதில்லை, உட்காருவதில்லை, அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்துவிட்டால் வந்தவள் விருந்தாளி, விருந்தாளி வாயிலிருந்து சாவு வராது. தம்பிக்கும் அது தெரியும், தெரிந்துதான் நீட்டுகிறான். பத்தொன்பது நாளில் முதல்தடவையாக அவளுக்குத் தாகம் எடுத்தது. குழம்பு வாசனை வாசல்வரை வந்தது. குடித்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்து, பேசாமல் விட்ட ஏழு வருஷத்தையும் பேசி முடித்துவிடலாம், யார் கேட்கப்போகிறார்கள்? அப்போது கவுசல்யாவின் அழாத முகம் அவளுக்கு ஞாபகம் வந்தது.

சொம்பை வாங்கி, குடிக்காமல், படியின் ஓரத்தில் வைத்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, முறைப்படி தெருப்பக்கமாக ஓரடி பின்னால் தள்ளி நின்றாள்.

"வேணாம்க்கா" என்றான் பூவலிங்கம்.

"சாத்தன்குறிச்சியிலேருந்து வாரேன்" என்றாள் வடிவு. அவள் குரல் உடைந்தது, இருந்தாலும் தெளிவாகச் சொன்னாள். "உன் கூடப்பிறந்த அக்கா சுந்தரவடிவு செத்துட்டா தம்பி."

பூவலிங்கம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்தி அழுதான். அழுது, முகத்தைத் துடைத்து, கேதம் கேட்டவர்கள் கேட்க வேண்டியதைக் கேட்டான்.

"எப்பக்கா எடுக்காங்க?"

"நீ வந்ததும்டா."